மூன்று விகலை

அன்புள்ள ஐயா,

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவன் நான். பழைய வகுப்புத் தோழர்களோடு கூடும்போதெல்லாம் ஒரே கேலி. “நாங்கள் பத்தாவது தசம இடத்துக்காகச் சண்டை போடுகிறோம். நீ ‘ஏறத்தாழ’ என்று ஒரு சொல்லைப் போட்டே பட்டம் வாங்கிவிடுவாய்” என்கிறார்கள். சிரித்து வைக்கிறேன். ஆனால் உள்ளே குடைந்துகொண்டுதான் இருக்கிறது.

சென்ற மாதக் கட்டுரையில் “துல்லியம் எல்லாத் துறைகளுக்கும் பொது” என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒளியின் வேகத்தை ஒன்பது இலக்கத்தில் சொல்லும் துறைக்கும், ஒரு மன்னன் பிறந்த ஆண்டைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத துறைக்கும் அந்த ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? ஆறுதலுக்காக எழுதியதா, உண்மையாகவே நம்புகிறீர்களா?

ச.

*

அன்புள்ள ச.,

போகிற போக்கில் எழுதிய வரி அது. விளக்கம் கேட்டு மாட்டிவிட்டுவிட்டீர்கள். ஆனால் நம்பித்தான் எழுதினேன்.

முதலில் அந்த ஒன்பது இலக்கத்தைப் பார்த்துவிடுவோம். ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். தசமப் பகுதியே கிடையாது, கச்சிதமான முழு எண். எந்த ஆய்வுக்கூடத்திலும் அளந்து இப்படி ஒரு எண் கிடைக்காது. 1983இல் உலக நாடுகள் கூடி, இனி இதுதான் ஒளியின் வேகம் என்று முடிவு செய்து, அதை வைத்து மீட்டரை வரையறுத்துக்கொண்டன. அதில் பிழை இல்லாததற்குக் காரணம், அது இன்று ஓர் ஒப்பந்தம் என்பதுதான். பிழை ஒழிந்துபோய்விடவில்லை, மீட்டரை நடைமுறையில் உருவாக்கிக் காட்டும் வேலைக்கு இடம் மாறிவிட்டது.

கிலோகிராமின் கதை இன்னும் வேடிக்கை. 1889 முதல் 2019 வரை, பாரிசை அடுத்த செவ்ரில் பூட்டி வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராம். அதன் நகல்களை எடுத்துவந்து ஒப்பிட்டபோது, நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. மூலம் இளைத்ததா, நகல்கள் பருத்தனவா? சொல்ல வழியில்லை. வரையறைப்படி மூலம் தப்பாகவே முடியாதே! பூட்டிய அறையில் இருந்த எடைக்கல் மெலிந்தாலும், உலகமே கனத்துவிட்டது என்றுதான் சொல்லியாக வேண்டும். இந்தச் சங்கடம் தாங்காமல்தான் 2019 மே 20 முதல் கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத எண்ணோடு கட்டிவிட்டார்கள்.

துல்லியம் என்று யாராவது பேசினால் எனக்கு நினைவு வரும் ஆள் பியேர் மெஷேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து வானியலாளர். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று தீர்மானித்து, அதற்காக பிரான்சின் டன்கிர்க் முதல் ஸ்பெயினின் பார்சலோனா வரையிலான தீர்க்கரேகைக் கோட்டை அளக்க 1792இல் இரண்டு பேரை அனுப்பினார்கள். வடபகுதி தெலாம்பருக்கு, தென்பகுதி மெஷேனுக்கு. கையில் போர்டா வட்டம் என்ற கருவி. ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, கூட்டி, வகுத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை அளக்கிறோமோ அத்தனைக்குக் கை நடுக்கமும் கண் பிசகும் கரைந்துபோகும் என்று நம்பினார்கள்.

மெஷேன் அளவுக்கு மிஞ்சிய கவனக்காரர். பார்சலோனாவின் அட்சரேகையை மோன்ட்யூயிக் குன்றிலிருந்து அளந்தார். இடையில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டு அங்கேயே மாட்டிக்கொண்டார். சும்மா இருப்பானேன் என்று தங்கியிருந்த விடுதியிலிருந்து மறுபடி அளந்தார். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேறுபாடு மூன்று விகலைக்குச் சற்றே அதிகம். ஒரு பாகையை அறுபதாக்கினால் கலை, கலையை அறுபதாக்கினால் விகலை. தரையில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ நூறு மீட்டர்.

சரி, பொருந்தவில்லை என்று எழுதிவைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மறைத்தார். பாரிசுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டார். குறிப்பேடுகளைக் கண்ணில் காட்ட மறுத்தார். 1799இல் பிளாட்டினத்தில் மீட்டரை வார்த்து எல்லோரும் கொண்டாடியபோதும் அவருக்கு மட்டும் நிம்மதியில்லை. கோட்டை இன்னும் தெற்கே நீட்டினால் பார்சலோனாவே கணக்குக்குத் தேவைப்படாது என்று மறுபடி ஸ்பெயினுக்குப் போய், 1804இல் அங்கே காய்ச்சலில் இறந்தார். அவருடைய தாள்கள் கைக்கு வந்தபோதுதான் தெலாம்பருக்கு விஷயமே தெரிந்தது.

இதில் என்னை உறுத்துவது வேறு. மெஷேனின் கோண அளவுகள் மிக நேர்த்தியானவை. ஒரே இடத்தில் நின்று திரும்ப அளந்தால் அதே விடை வரும். ஆனால் கருவியும் முறையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஆயிரம் தடவை அளந்தாலும் சாய்வு சாய்வுதான். சிதறாமல் அளப்பது ஒன்று, குறியில் போய் விழுவது இன்னொன்று. இயற்பியல் படித்த உங்களுக்கு இது முதல் வாரப் பாடம். அவருக்கு அப்படி ஒரு பிரிவே தெரியாது. பிழை என்றால் ஒழுக்கக் கேடு என்றே எண்ணினார். அவர் இறந்த அடுத்த ஆண்டே, 1805இல், கணிதவியலாளர் லெஜாந்தர் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். ஒன்றோடொன்று பொருந்தாத அளவுகளிலிருந்து, பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் விடையைத் தேரும் முறை அது. அதற்கு எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது இதே அளவைப் பணியின் எண்களைத்தான். பிழையைக் கணக்கில் வைத்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று அதன்பிறகு உலகம் கற்றுக்கொண்டது. இத்தனைக்கும் அந்த மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குறைந்துபோனதற்குப் பெரும் காரணம் மெஷேன் அல்ல. பூமி எவ்வளவு தட்டை என்று குழு மொத்தமும் ஏற்றுக்கொண்ட கணக்குதான். பாவம் மனிதர்.

இதற்கு நேர் எதிர் வானியலாளர் கெப்ளர். செவ்வாயின் பாதைக்கு அவர் போட்ட முதல் கணக்கு, அவருக்கு முன் வானத்தை அளந்துவைத்த டைக்கோ பிராகேயின் அளவுகளிலிருந்து எட்டுக் கலை விலகியது. நிலவின் அகலத்தில் கால் பங்கு. முந்தைய காலத்து அளவுகளில் பத்துக் கலைப் பிழை சர்வசாதாரணம், தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் டைக்கோவின் பிழை எவ்வளவு தூரம் போகும், எதைத் தாண்டாது என்று கெப்ளருக்குத் தெரியும். எட்டுக் கலை அதற்குள் அடங்காது. கணக்கைத் தூக்கிப்போட்டார். 1609இல் நீள்வட்டம் வந்தது. எட்டுக் கலைக்கு மதிப்பு வந்தது டைக்கோவின் எல்லை தெரிந்திருந்ததால்தான்.

என் கதை ஒன்றும் உண்டு. இளவயதில் ஒரு பயணக் கட்டுரையை மொழிபெயர்த்தேன். “நூறு மைல் இருக்கும்” என்று மூலத்தில் இருந்ததை “160.9 கிலோமீட்டர் இருக்கும்” என்று எழுதி, பெருமையோடு அனுப்பினேன். பதிப்பாசிரியர் ஓரத்தில் “கூடவே நடந்தீர்களா?” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அப்புறம் ஒருநாள் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் 98.6 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். 1868இல் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து, 37 பாகை செல்சியஸ் என்றார். உடல் வெப்பம் வேளைக்கு வேளை மாறும் என்பது அவருக்கே தெரியும். அந்த 37ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிய கை, பெருக்கிக் கூட்டி வந்த 98.6ஐ அப்படியே விட்டுவிட்டது. அந்தப் புள்ளி ஆறு எந்த உடம்பிலிருந்தும் வந்ததல்ல. பிறகு 1992இல் 148 பேரை அளந்து பார்த்தால் சராசரி 98.2தான். இயற்பியலின் எண்களைவிட இப்படிப் போலியாக ஒட்டிக்கொண்ட தசமங்களைக் கண்டுதான் எனக்குப் பயம். உலகம் கி.மு. 4004 அக்டோபர் 23இல் படைக்கப்பட்டது என்று பேராயர் அஷர் நாளைக் குறித்தே சொன்னார். இலக்கத்துக்கு என்ன குறைச்சல்?

உங்கள் துறைக்கு வருகிறேன். பழம்பொருளில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை வைத்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பின் முடிவு எப்போதும் “± 30 ஆண்டு” போன்ற ஒரு வாலோடுதான் வரும். உண்மையான மதிப்பு அந்த எல்லைக்கு வெளியே இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அதற்குப் பொருள். வாலை நறுக்கிவிட்டு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: கி.மு. 800க்கும் 400க்கும் நடுவே, கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. ஆய்வுக்கூடம் என்னதான் நேர்த்தியாக அளந்தாலும் விடை நூற்றாண்டுக் கணக்கில் பரந்து நிற்கும். அங்கே “ஏறத்தாழ” என்று எழுதுபவர் சோம்பேறியா? வளைகோட்டைப் படித்தவர் அவர். குறிப்பாக ஓர் ஆண்டைச் சொல்பவர்தான் மெஷேன் வழியில் போகிறார்.

நம் இலக்கணக்காரர்களும் இதில் சளைத்தவர்களல்லர். எழுத்தின் ஒலியளவுக்குக் கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் அலகாக வைத்தது தொல்காப்பியம். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. நிறுத்தக் கடிகாரத்தோடு வருபவர் சிரிப்பார்: யாருடைய இமை, எத்தனை மில்லிநொடி? ஆனால் கல்லுக்கும் காலுக்கும் வேறுபாடு மில்லிநொடியில் இல்லை. வேகமாகப் பேசினாலும் மெதுவாகப் பேசினாலும் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதத்தில்தான் இருக்கிறது. அளக்க வேண்டியது எதுவோ அதை அளந்திருக்கிறார்கள். நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய் “இயல்பெழு மாந்தர் இமைநொடி” என்கிறது. தூக்கக் கலக்கத்தில் இமைப்பவன் கணக்கில் சேர மாட்டான். அளவோடு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லும் இந்தப் பழக்கம் எந்த அளவியல் கூடத்திலும் செல்லுபடியாகும்.

ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் “ஏறத்தாழ” வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டுப் பாருங்கள். சில இடங்களில் அதற்குப் பத்தாண்டு அகலம் இருக்கும், சில இடங்களில் நூறு. எவ்வளவு என்று சொல்ல முடிகிற இடங்களில் சொல்லிவிடுங்கள், ஏன் அவ்வளவு என்பதையும் சேர்த்து. சொல்ல முடியாத இடங்கள் சில மிஞ்சும். அவற்றைப் பற்றித் தோழர்கள் கேலி செய்தால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்; அங்கே அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

மற்றபடி அடுத்த முறை அவர்களைப் பார்க்கும்போது, அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.