வெண்டைக்காயின் நுனி

அன்புள்ள சார்,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. அபாகஸ், கோடிங், ரோபோட்டிக்ஸ் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டோம். இப்போது ஏஐ வந்து ஐ.டி. வேலையே நிலைக்காது என்கிறார்கள். என் கணவரும் ஐ.டி.தான், ராத்திரி தூங்குவதில்லை. நாளைக்கு எது வந்தாலும் சமாளிக்கிற பிள்ளையாக வளர்க்க இன்னும் எந்த வகுப்பில் சேர்க்கலாம்? படிப்பு கெடக் கூடாது என்று அவன் சாப்பிட்ட தட்டைக்கூட நான்தான் எடுக்கிறேன்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியில்தான் என் கண் நின்றது.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றில் வெள்ளம் ஏறியபோது ஜாஃபர்கான்பேட்டையில் மாடி வீட்டில் இருந்தோம். கரண்ட் இல்லை, போனில் டவரும் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டியை மேலே ஏற்றிவிட்டு வந்தால், பத்து வயது மகள் இருட்டில் தீப்பெட்டியோடு நிற்கிறாள். கிழிக்கத் தெரியவில்லை. அதை அவள் கைக்கு எட்டாமல் வைத்திருந்தவர்கள் நாங்கள்தான். அவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்கப்புறம் ஒரு வேலையை முழுசாக அவளிடம் விட்டோம்: வாரக் காய்கறி. முதல் வாரம் வந்த வெண்டைக்காய் அத்தனையும் முற்றல். அதையே மோர்க்குழம்பில் போட்டு, நாரைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டோம். அடுத்த வாரம் காய்காரம்மாவிடம் அவளே கேட்டிருக்கிறாள். அந்த அம்மா நுனியை ஒடித்துக் காட்டியிருக்கிறார்: டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். வெட்கப்படாமல் கேட்டால் மனுஷர்கள் சொல்லித் தருவார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே பத்து வாழ்க்கைத் திறன்களை வரிசைப்படுத்தியது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது என்று போகும். நல்ல பட்டியல்தான். ஆனால் கையில் நிஜமான காசு இருந்து, தப்பாக முடிவெடுத்து, அந்தத் தப்பை வீடே சேர்ந்து சாப்பிட்டால்தான் முடிவெடுக்க வரும். ஊரில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, அப்பா படியில் உட்கார்ந்திருப்பார். நாலு மடக்கு தண்ணீர் குடிக்காமல் அங்கே யாருக்கு நீச்சல் வந்தது?

கஷ்டமெல்லாம் படியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். பத்து நிமிஷ வேலையைப் பிள்ளை ஒரு மணி நேரம் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

உங்கள் கணவரின் பயத்தையும் மகனிடம் மறைக்க வேண்டாம். சம்பளம் எவ்வளவு வருகிறது, இஎம்ஐ எவ்வளவு போகிறது, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவன் வயதுக்குப் புரியும். கதவுக்குப் பின்னால் கிசுகிசுவென்று பேசுவதைக் கேட்டால்தான் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள்.

கோடிங் பிடித்திருந்தால் போகட்டும். புது வகுப்பு எதுவும் வேண்டாம்.

தட்டை இன்றைக்கு ராத்திரியே விட்டுவிடுங்கள். அடுத்த தடவை சிலிண்டர் தீர்ந்தால் அவனைக் கூப்பிடுங்கள். ரெகுலேட்டரை மாட்டியதும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.