பேசுறதுக்கும் காசு கட்டணுமா?

கேள்வி: அக்கா, பினாங்கு தீவு பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில டெக்னீஷியனா இருந்து இப்பதான் லைன் லீடர் ஆனேன். வாராவாரம் மீட்டிங்ல இங்கிலீஷ்ல ரிப்போர்ட் சொல்லணும். மேனேஜர் மூஞ்சப் பாத்தாலே எல்லாம் மறந்துடுது, நாக்கு ஒட்டிக்குது. கூட வேலை செய்ற பொண்ணு, மேடைல பேசிப் பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்கு வா வான்னு கூப்பிடுறா. அம்மா "பேசுறதுக்கும் காசா?"ன்னு சிரிக்கிறாங்க. நான் தமிழ்ப்பள்ளில படிச்சவ, அங்க எல்லாம் பெரிய ஆளுங்களா, ஆம்பளைங்களா இருப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு. சேரலாமா? – பட்டர்வொர்த் வாசகி

பதில்: சேருங்க தங்கச்சி. ஆனா எதுக்குச் சேர்றோம்னு தெரிஞ்சிக்கிட்டு சேருங்க, ஏன்னா நெறைய பேரு அங்க போனா இங்கிலீஷ் தானா வந்துடும், பயம் ஓடிடும்னு நெனச்சுப் போயி கொஞ்ச நாள்ல நின்னுடுறாங்க. அங்க டீச்சர்னு யாரும் கெடையாது. கிராமேரியன்னு ஒருத்தர் நல்ல வார்த்தையையும் தப்பையும் குறிச்சு வச்சு கடைசில சொல்வாரு, அவ்வளவுதான். உங்களுக்கு அங்க கெடைக்கப் போறது வேற: சொதப்புனாலும் இன்கிரிமென்ட்ல கை வைக்காத ஒரு கூட்டம். ஆபீஸ்ல அது இல்ல, அதனாலதான் நாக்கு ஒட்டுது, உங்க இங்கிலீஷ் மோசம்ங்கிறதால இல்ல.

அங்க என்ன நடக்கும்னா, முன்னாடியே தயார் பண்ணி பேசுறவங்க ரெண்டு மூணு பேரு இருப்பாங்க, அப்புறம் டேபிள் டாபிக்ஸ்னு ஒண்ணு. அந்த நிமிஷம்தான் தலைப்பே தெரியும், எழுந்து ஒண்ணுலேருந்து ரெண்டு நிமிஷம் பேசணும். எனக்குக் கேட்டா உங்களுக்கு உண்மையா உதவப் போறது இதுதான், ஏன்னா மீட்டிங்ல உங்கள மாட்டிவிடுறது ரிப்போர்ட் இல்ல, ரிப்போர்ட் முடிஞ்சதும் மேனேஜர் "ஒய் ரிஜெக்ட் சோ ஹை?"ன்னு கேக்குறாரே அதுதான். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு டைமர் காட்டுவாரு, சிவப்பு வந்தா முடிக்கணும். (நம்ம கோயில் நிகழ்ச்சில "ரெண்டே வார்த்தை"ன்னு மைக்கைப் புடிச்சிட்டு சாப்பாடு ஆறுற வரைக்கும் விடாத தலைவருங்களுக்கு இந்த டைமரை யாராவது வாங்கிக் குடுங்கப்பா.)

முதல் மாசமே பேசணும்னு அவசியம் இல்ல. டைமர் வேலைய வாங்கிக்கோங்க, இல்லன்னா ஆ-கவுண்டர், அதாவது யாரு எத்தன தடவ "ஆ... உம்..."னு இழுத்தாங்கன்னு எண்ணுறது. எண்ண ஆரம்பிச்சா பெரிய மேனேஜரும் "உம்" போடுறது காதுல விழும், பாதி கூச்சம் அங்கயே போயிடும். அப்புறம் ஐஸ் பிரேக்கர்னு முதல் பேச்சு, உங்களப் பத்தி நாலுலேருந்து ஆறு நிமிஷம். தயவுசெஞ்சு மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு வரி மறந்தா மொத்தமும் போயிடும். நைட் ஷிப்ட்ல மெஷின் நின்னுபோன கதையச் சொல்லுங்க, அது உங்களுக்குத் தானா வரும்.

பேசி முடிச்சதும் இவேல்யுவேட்டர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் எது நல்லா இருந்தது, எத மாத்தணும்னு சொல்வாரு. மொத தடவ சுருக்குன்னு இருக்கும்தான். ஆனா ஒரு நாள் நீங்களே இன்னொருத்தருக்கு அதச் செய்யணும், ரெண்டு மூணு நிமிஷத்துல, அவங்க மனசு நோகாம ஆனா மழுப்பாம. லைன்ல பன்னெண்டு மணி நேரம் நின்ன ஆப்பரேட்டர்கிட்ட அவரு தப்ப எடுத்துச் சொல்றதும் இதே வேலைதானே? கிளப்புல பேச்ச விட இதுதான் பெரிய லாபம்னு நான் சொல்வேன், யாரும் இதச் சொல்லி ஆள் சேக்குறதில்ல.

ஆம்பளைங்க விஷயம். 1924-ல கலிஃபோர்னியா சாந்தா அனாவுல ரால்ஃப் ஸ்மெட்லிங்கிறவர் டோஸ்ட்மாஸ்டர்ஸ ஆரம்பிச்சப்போ அது ஆம்பளைங்களுக்குத்தான், பொம்பளைங்களச் சேக்க 1973 வரைக்கும் ஆச்சு. அந்தக் காலமெல்லாம் போச்சு, இப்ப உங்களக் கூப்பிடுறதே ஒரு பொண்ணுதானே. நாக்கு ஒட்டுறதுக்கும் ஒரு ஆளு சொல்றேன், 2015-ல டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டில ஜெயிச்ச சவூதிக்காரர் முகமது கஹ்தானி சின்ன வயசுல திக்குவாய், அவரு ஒரு இஞ்சினியர்.

காசுக்கு வருவோம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகத் தலைமையகத்துக்கு ஆறு மாசத்துக்கு 60 அமெரிக்க டாலர், புதுசா சேர்றவங்களுக்கு ஒரு தடவ 20 டாலர், அதுக்கு மேல கிளப் கொஞ்சம் வாங்கலாம். ரிங்கிட்டுல மாத்திப் பாத்தா சின்னக் காசு இல்ல, அம்மா சிரிக்கிறதுல நியாயம் இருக்கு. அதனால உடனே கட்டிடாதீங்க. கெஸ்ட்டா போறது பொதுவா ஃப்ரீ, ரெண்டு மூணு கிளப் ஏறி இறங்கிப் பாருங்க, ஒண்ணு கலகலன்னு இருக்கும், இன்னொண்ணு பழைய ஆளுங்க பதவிக்கு அடிச்சிக்கிற எடமா இருக்கும், அங்கேருந்து நைசா கழண்டுக்கோங்க. தீவுல இருக்குற கிளப்புன்னா ராத்திரி பாலம் தாண்டி வீடு வரணும், சோ முதல்ல பட்டர்வொர்த் பக்கம் தேடுங்க. எந்த மொழிலயும் கிளப் நடத்தலாம், ஆனா உங்க பிரச்சனை மீட்டிங்ல இங்கிலீஷ்தான்ங்கிறதால இங்கிலீஷ் கிளப்பே போங்க.

சில கம்பெனிங்க உள்ளுக்குள்ளயே கிளப் வச்சிருக்கும், பணத்தையும் அவங்களே கட்டுவாங்க. நாளைக்கே எச்.ஆர்ல கேளுங்க. லீடர் ஆக்குனவங்க ட்ரெய்னிங் செலவுன்னு ஒத்துக்க வாய்ப்பு இருக்கு, மாட்டேன்னாலும் எழுத்துல கேட்டு வைங்க.