உவரி, இடிந்தகரைப் பக்கம் கிடைக்கும் நண்டு, சங்கு, கடல் அட்டைகளைப் பற்றி இணையத்தில் எங்கே படிக்கலாம்?

இருபது தளங்களைச் சேமித்து வைப்பதைவிட மூன்றை ஒழுங்காகப் பழகினால் போதும். பாடத்திலிருந்து தொடங்காதீர்கள், கையில் கிடைத்த ஒரு உயிரிலிருந்து தொடங்குங்கள். காலையில் வலை தட்டும் இடத்துக்குப் போனால் நண்டுக்குப் பஞ்சமில்லை.

முதலில் ஐநேச்சுரலிஸ்ட். பார்த்த உயிரின் படத்தை ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க உதவும் தளம், செயலியாகவும் உண்டு. நண்டை ஒரே படம் எடுத்தால் பயனில்லை. முதுகு மேலிருந்து ஒன்று, கண்களுக்கு நடுவே உள்ள பற்கள் தெரிய முன்பக்கம் ஒன்று, புரட்டி வயிறு ஒன்று (மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண்), பக்கத்தில் ஒரு ஸ்கேல். சங்கு என்றால் வாய்ப்பக்கம் கட்டாயம். படம் எடுக்கும்போதே போனில் லொகேஷன் ஆன் செய்திருக்க வேண்டும். வாட்ஸாப்பில் வந்த படத்தில் எடுத்த தேதியும் இடமும் அழிந்திருக்கும். அவை இல்லாத பதிவு ‘கேஷுவல்’ என்று ஒதுங்கிவிடும், விவரம் தெரிந்தவர்கள் கண்ணில் படாது. செயலி தானாகக் காட்டும் பெயர் ஒரு ஊகம்தான். முதுகில் மூன்று சிவப்புப் புள்ளியுள்ள நண்டைச் சரியாகச் சொல்லிவிடும். கடற்பஞ்சில் திணறும், ஏனென்றால் உள்ளிருக்கும் நுண்முட்களை நுண்ணோக்கியில் பார்க்காமல் பெரும்பாலும் இனம் பிரிக்க முடியாது.

பெயர் கிடைத்ததும் வோர்ம்ஸ். கடல் உயிர்களின் பெயர்ப் பதிவேடு இது. பழைய பெயரை அடித்தால் இப்போது ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும்.

மூன்றாவது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இ-பிரின்ட்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம். நம் கடலைப் பற்றி இவ்வளவு விவரம் வேறெங்கும் இலவசமாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் பலர் தடுமாறுவதும் இங்கேதான். நம் சங்கு பழைய கட்டுரைகளில் ‘சாங்கஸ் பைரம்’, இப்போது ‘டர்பினெல்லா பைரம்’. ஒரு பெயரை மட்டும் தேடினால் பாதிக் கட்டுரைகள் கண்ணுக்கே வராது. இதையாவது வோர்ம்ஸ் எச்சரிக்கும். நீலக்கால் நண்டில் அந்த உதவியும் இல்லை. ‘போர்டூனஸ் பெலாஜிகஸ்’ என்று ஒன்றாக எண்ணியிருந்ததை 2010-இல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள்; வங்காள விரிகுடா வட்டாரத்துக்கு உரியது ‘ரெட்டிகுலேட்டஸ்’. பழைய பெயரும் வேறு கடலில் உள்ள நண்டுக்கு இன்னும் செல்லுபடியாகும் என்பதால் பிழை என்று எதுவும் காட்டாது. இந்த நண்டைப் பற்றி எதைப் படித்தாலும் வெளியான ஆண்டையும், நண்டு பிடிபட்ட இடத்தையும் பாருங்கள்.

உணவு, அளவு, பரவல் என்று சுருக்கமாக வேண்டுமானால் சீலைஃப்பேஸ் இருக்கிறது. மீன் அதில் இருக்காது, அதற்கு ஃபிஷ்பேஸ்.

கடல் அட்டையைப் படம் மட்டும் எடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் ஒன்றே ஒன்றைக் காயவைத்து வீட்டில் வைத்தாலும் குற்றம். உயிருள்ள கூம்பு வடிவச் சங்கை வெறுங்கையால் தூக்கவும் வேண்டாம். அகன்ற பக்கமாகப் பிடித்தால் ஆபத்தில்லை என்பது தவறு, அதன் நச்சுக்குழல் அங்கேயும் எட்டும்.