தயிர்சாத உருண்டையும் மூட்டு வலியும்

கேள்வி: எங்கள் நாய் ராக்கி லேப்ரடார் இனம், எட்டு வயது, 42 கிலோ. பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. மாத்திரை எழுதிய டாக்டர், எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்கிறார். வலியில் இருக்கும் ஜீவனைப் பட்டினி போடுவதா என்று என் மாமியார் சண்டைக்கு வருகிறார். தயிர்சாதத்தை உருட்டி அவனுக்கு ஊட்டுவார். தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவே வெங்காயமும் காய்த்துருவலும் வைத்த எங்கள் ஊர்த் தின்பண்டம்) வாங்கினால் அவனுக்கும் ஒன்று உண்டு.
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பட்டினி போட யாரும் சொல்லவில்லை, அளந்து போடத்தான் சொல்கிறார்கள். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிலோவையும் அந்தத் தேய்ந்த மூட்டுதானே சுமக்கிறது? எடையில் ஆறு சதவீதம் குறைந்தாலே நொண்டல் தணிகிறது என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். ராக்கிக்கு அது இரண்டரை கிலோ, வாரம் 400 கிராம் வீதம் இறங்கினால் ஒன்றரை மாதத்தில் முடிகிற வேலை. அப்புறம் எதுவரை இறக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். தைராய்டு கோளாறு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், அது இருந்தால் சாப்பாட்டை மட்டும் குறைத்துப் பயனில்லை.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்தே ஜோடி சேர்த்து, ஒன்றுக்குப் போடுவதில் கால் பங்கு குறைத்து இன்னொன்றுக்குப் போட்டு வளர்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தொல்லையும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. 'பாவம், பசியோடு பார்க்கிறான்' என்பார். லேப்ரடார் அப்படித்தான் பார்க்கும், நாலில் ஒன்றுக்குப் பசியடக்கும் மரபணுவிலேயே கோளாறு!

அவர் கொடுப்பதை நிறுத்த உங்களால் முடியாது, வீட்டுக்கு வீடு இதே கதைதான். அதனால் ராக்கியின் ஒருநாள் சாப்பாட்டைக் காலையிலேயே அளந்து, அதிலிருந்து ஒரு பிடியை ஒரு டம்ளரில் போட்டு மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுக்கட்டும், டம்ளர் காலியானால் சரி, அன்றைக்கு அவ்வளவுதான். தயிர்சாத உருண்டைக்குப் பதில் வெள்ளரித் துண்டு. தட்டுவடை செட் மட்டும் கூடவே கூடாது, அதிலிருக்கும் வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 42 கிலோவைத் தூக்கிக்கொண்டு வீட்டு மிஷினில் ஏற முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த மண்டி இருந்தால் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிவிடுங்கள், நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். நடையைத் தார்ரோடு சுடுவதற்கு முன்பே, பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பூனை ஏழு கிலோ, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறோம். இரண்டு நாள் சாப்பாட்டை நிறுத்தினால் இளைக்குமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டவே வேண்டாம். குண்டுப் பூனை சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வயிற்றில் ஒன்றுமில்லாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயங்கி விழும். மெதுவாக இளைத்த சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போயிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும்போது ஊசியின் அளவையும் டாக்டர்தான் மாற்றவேண்டும், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.