வாசகர் கேள்வி பதில்: கசிந்த கேஸ் நாறும், எரிந்த கேஸ் நாறாது

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் புதுப்பிப்பு வேலை நடக்கிறது. சமையலறைக்குப் பின்னால் உள்ள சர்வீஸ் யார்டில் 16 லிட்டர் கேஸ் ஹீட்டர் மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். குளியலறை இரண்டு. மழைச்சாரல் வராமல் இருக்க அந்த இடத்தைக் கண்ணாடி ஜன்னல் போட்டு அடைக்கவும் திட்டம். சரிவருமா?
- வாசகி, செங்காங்

பதில்: ஹீட்டர் மாட்டலாம். அடைப்புதான் ஆபத்து. அதற்கு முன், அளவிலேயே கடைக்காரர் கூடுதலாக விற்கப் பார்க்கிறார். 16 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 16 லிட்டர் நீரை 25 டிகிரி சூடேற்றும் திறன். இது குளிர்நாட்டுக் கணக்கு. நம் குழாய்நீர் வரும்போதே 28 டிகிரி அளவில் இருக்கும், குளிக்க 40 போதும். ஆக ஏற்ற வேண்டியது 12 டிகிரி. ஷவருக்கு 8 லிட்டர் வீதம் இரண்டும் ஒன்றாக ஓடினாலும் 13 கிலோவாட் சூடு போதும். 10 லிட்டர் ஹீட்டரே 17 கிலோவாட் தரும். பெரிதாக வாங்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் ஆகக் குறைந்த தீயே நமக்கு அதிகம். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் நீர் அளவுக்கு மேல் சுடும், இல்லாவிட்டால் தீ அணைந்து அணைந்து பற்றும்.

இனி காற்று. எரியும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கனமீட்டர் காற்று வேண்டும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இரண்டு ஷவருக்கு 16 கிலோவாட் எரியும். உங்கள் யார்ட் ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர், உயரம் 2.6 மீட்டர் என்றால் உள்ளே இருக்கும் காற்று 8 கனமீட்டர்கூட இல்லை. அடைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் காற்று. ஆனால் அவ்வளவு நேரமே ஆகாது. ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கும்போதே தீ கெட்டு, கார்பன் மோனாக்சைடு கிளம்பிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்குவதால் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

உங்களுக்கு இரண்டு வழி. முதலாவது, மூடவே முடியாத நிலையான சரிவுப் பட்டைகளை ஜன்னலில் மேலும் கீழும் விடுவது. ‘வேண்டும்போது திறந்துகொள்ளலாம்’ என்ற ஜன்னலை நம்பாதீர்கள். 2013 ஜூனில் புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டபோது எந்த வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது? இரண்டாவது, தீ எரியும் அறை முழுதும் மூடியிருக்கும், விசிறியோடு வரும் ஹீட்டர் வகை. காற்றை இழுப்பதும் புகையை விடுவதும் ஒரே இரட்டைக் குழாய் வழியே வெளிச்சுவரோடு முடிந்துவிடும், வீட்டுக் காற்றைத் தொடாது. விலை கூடுதல், வெளிச்சுவரைத் துளைக்க வீவகவிடம் அனுமதியும் கேட்க வேண்டும். எந்த வகையானாலும் குளியலறைக்குள் வேண்டாம். புகை வாய்க்கு நேரே துணி காயப்போடும் கம்பியும் வேண்டாம்.

எரிவாயுக் குழாய் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் வரவேண்டும். புதுப்பிப்புக் குத்தகையாளரின் பிளம்பர் ‘நானே இழுத்துவிடுகிறேன்’ என்றால் மறுத்துவிடுங்கள். பணியாளர் வந்ததும் மூன்றைக் கண்ணால் பாருங்கள். ஹீட்டருக்குத் தனி அடைப்பான் எளிதில் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா? பற்றவைக்கும் முன்பே குழாயில் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று சோதித்தாரா? ஹீட்டரும் அடுப்பின் எல்லாக் கண்களும் ஒன்றாக எரியும்போது அழுத்தத்தை அளந்தாரா? மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுப்புக்காகப் போட்ட ஒல்லிக் குழாயிலிருந்தே ஹீட்டருக்கும் கிளை எடுத்தால், தனித்தனியே நன்றாக எரியும், சேர்ந்து எரியும்போது அழுத்தம் விழும்.

கேள்வி: சிலிண்டர் பயன்படுத்திய வீட்டிலிருந்து குழாய் கேஸ் உள்ள வீட்டுக்கு மாறினோம். பழைய அடுப்பையே இணைத்தால் தீ சின்னதாக எரிகிறது, அணைக்கும்போது ‘டப்’ என்கிறது. ஜெட்டை (கேஸ் வெளிவரும் சிறு துளையை) கொஞ்சம் பெரிதாக்கலாமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: கூடாது. கடைகளில் ‘பியூபி’ (குழாய் கேஸுக்கு) என்றும் ‘எல்பிஜி’ (சிலிண்டருக்கு) என்றும் அடுப்பைப் பிரித்து விற்பது இதற்காகத்தான். (எரிவாயு 1995இலேயே பியூபி எனும் பொதுப் பயனீட்டுக் கழகத்தை விட்டுப் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) ஒரே கன அளவில் சிலிண்டர் கேஸின் சூடு குழாய் கேஸைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதனால் அதன் ஜெட் துளை ஊசிமுனை அளவு. சிங்கப்பூரின் குழாய் கேஸில் பாதியளவு ஹைட்ரஜன், தீ வேகமாக ஓடும். போதிய வேகத்தில் கேஸ் வெளியே வராதபோது தீ பின்வாங்கி பர்னருக்குள் போகிறது. அதுதான் அந்த ‘டப்’. ஜெட், காற்றுத் துளை, சில மாடல்களில் பர்னர் தலையும் சேர்ந்தே மாற வேண்டும். தயாரிப்பாளரிடம் மாற்றும் பாகங்கள் இல்லையென்றால் புது அடுப்பு வாங்குவதே வழி. இதற்கு நேர்மாறாக, குழாய் கேஸ் அடுப்பில் சிலிண்டரை மாட்டினால் தீ மஞ்சளாகப் பொங்கும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும்.

கேள்வி: இரவில் கேஸ் வாடை வந்தால்?
- வாசகி, ஈசூன்

பதில்: எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, மீட்டரருகே உள்ள அடைப்பானை மூடி, எல்லாரும் வெளியேறிய பிறகு வாசலுக்கு வெளியிலிருந்து 995 அல்லது 1800 752 1800க்கு அழையுங்கள். குழாய் கேஸ் மேலே ஏறும். சிலிண்டர் கேஸ் தரையோடு தவழ்ந்து அலமாரிக்கு அடியிலும் தரைக் கழிவுத் துளையிலும் தங்கும், அதைப் போக்க இன்னும் நேரமாகும்.

கேள்வி: டொரோண்டோவில் மகள் வீட்டில் வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் ஃபர்னஸை எடுத்துவிட்டு 96 விழுக்காடு திறனுள்ளதை மாட்டப்போகிறார்கள். சுடுநீர்த் தொட்டி பழையதே. என்ன கேட்டுக்கொள்ளச் சொல்லலாம்?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அந்தச் சுடுநீர்த் தொட்டியைப் பற்றித்தான். இதுவரை இரண்டின் புகையும் ஒரே புகைபோக்கியில் ஏறியிருக்கும். புது ஃபர்னஸ் தன் புகையைப் பிளாஸ்டிக் குழாயில் தனியே வெளியே தள்ளும். இரண்டுக்காகக் கட்டிய அகலப் புகைபோக்கியில் தொட்டி மட்டும் மிஞ்சும். அதன் கொஞ்சப் புகை பாதி வழியிலேயே குளிர்ந்து, அமில நீராகிச் சுவரை அரிக்கும், சில நாள் வீட்டுக்குள்ளேயே திரும்பும். புகைபோக்கிக்குள் ஒல்லியான உலோகக் குழாய் இறக்குவார்களா, அல்லது விசிறி வைத்த தொட்டியாக மாற்றுவார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். ‘ஒன்றும் செய்ய வேண்டியதில்லை’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

புதுப் புகைக்குழாய் சாதாரணத் தண்ணீர்க் குழாயாக இருக்கக்கூடாது, கனடாவில் அதற்கென்று எஸ் 636 தரக் குறியீடு உண்டு. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் ஃபர்னஸ் பக்கமாகச் சரிய வேண்டும், உள்ளே ஊறும் நீர் திரும்பி வடிவதற்காக. வெளிமுனை எதிர்பார்க்கும் பனியின் உயரத்துக்கு மேலே 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும், பனி மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும். வேலைக்கு வருபவர் ஒண்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவின் சான்று வைத்திருக்க வேண்டும். படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானை மாட்டியிருந்தால் அதன் பின்புறத்துத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் ஆயுள் உண்டு.