வாடாமல்லி நிறத்தில் மீடியம்

கேள்வி: ஹெச்.இ.கே. 293 என்ற மனித சிறுநீரகச் செல்களை டி.எம்.இ.எம். மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல்), 10 சதவீத சீரத்தோடு (இரத்தத்தின் தெளிநீர்) வளர்க்கிறோம். இன்குபேட்டரில் 5 சதவீதம் கரியமில வாயு. ராத்திரி முழுக்க வைத்தாலும் மீடியம் வாடாமல்லி நிறத்திலேயே நிற்கிறது, செல்கள் மந்தம். செல்களுக்கு உணவாகும் அமினோ அமிலமான குளுட்டமினைக் கூட்டலாமா? சீரம் செலவும் கட்டுப்படியாகவில்லை.
– ஆய்வு மாணவி, யெலஹங்கா, பெங்களூரு

பதில்: வாடாமல்லி நிறம் என்றால் மீடியத்தின் பி.ஹெச். (அமில-கார அளவு) ஏறி, காரமாகிவிட்டது என்று பொருள். குளுட்டமினில் கை வைக்குமுன், கரியமில வாயுவோடு சேர்ந்து பி.ஹெச்.சை நிலையாக வைக்கும் பைகார்பனேட்டைப் பாருங்கள். டி.எம்.இ.எம்.மில் அது லிட்டருக்கு 3.7 கிராம், 10 சதவீத கரியமில வாயுவுக்குப் போட்ட கணக்கு. பாதி வாயுவில் பி.ஹெச். ஏறத்தான் செய்யும். போதாக்குறைக்கு பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். சென்னையைவிடக் காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைவு என்பதால், அதே 5 சதவீதத்திலும் கரையும் வாயு குறைகிறது. ஆனால் இதனால் ஏறுவது 0.05 அளவுதான்.

இன்குபேட்டர் உங்களுக்கு மட்டுமானது என்றால் வாயுவை 7, 8 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். பலரோடு பங்கு என்றால், பைகார்பனேட் இல்லாத பவுடர் வாங்கி லிட்டருக்கு 2.2 கிராம் மட்டும் சேருங்கள். குறைத்த 1.5 கிராமுக்கு ஈடாக 1.04 கிராம் சோடியம் குளோரைடு போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஆஸ்மோலாலிட்டி (கரைந்த துகள்களின் செறிவு) இறங்கிவிடும். பி.ஹெச்.சை இன்குபேட்டரிலிருந்து எடுத்த கையோடு அளக்க வேண்டும். மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் வாயு வெளியேறி, பொய்யான எண்தான் கிடைக்கும்.

குளுட்டமின் 37 டிகிரியில் ஒரு வாரத்தில் ஏறக்குறைய பாதி சிதைந்து அம்மோனியா விடும். பழைய பாட்டிலில் புதுக் குளுட்டமின் ஊற்றினால் அம்மோனியா அப்படியே இருக்கும், மேலும் சேரும். அதற்குப் பதில், குளுட்டமினின் நிலையான வடிவமான அலனைல்-குளுட்டமினை 4 மில்லிமோலார் அளவில் போடுங்கள், எளிதில் சிதையாது. முழு பாட்டிலையும் தினம் சூடாக்காமல் 50 மில்லியாகப் பிரித்து வையுங்கள்.

சீரத்தை 10, 5, 2.5 என்று படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் விதைப்பது). செல்களை வழக்கத்தைவிட இருமடங்கு நெருக்கமாக விதையுங்கள். உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் முந்தைய படிக்கே திரும்புங்கள், அதற்காகவே படிக்கொரு குப்பி செல்களை உறைய வைத்திருக்க வேண்டும். 2.5-இல் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் கலவை கைகொடுக்கும். பலரும் சறுக்குவது, தட்டில் ஒட்டிய செல்களைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் நொதியில்: அதை அடக்குவது சீரம்தான். சீரம் குறைந்தபின் சோயாபீன் தடுப்பானைச் சேருங்கள், அல்லது செல்களை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி டிரிப்சினை வடித்துவிடுங்கள். ஹெச்.இ.கே. ஏற்கெனவே லேசாக ஒட்டும் செல். மிச்ச டிரிப்சின் இருந்தால் மறுநாள் பாதி மிதக்கும், பழியை மீடியத்தின் மேல் போடுவோம்.