வயிறு பை போலத் தொங்குகிறது: டம்மி டக் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டாவது சிசேரியன். சின்னவனுக்கு இப்போது 3 வயது. பிரசவத்துக்குப் பிறகு 88 கிலோ இருந்தேன். ஒன்றரை வருடம் பாடுபட்டு 66 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் வயிறு மட்டும் பை போலத் தொங்குகிறது. மடிப்புக்குள் அடிக்கடி புண் வருகிறது. 'மறுபடியும் மாசமா இருக்கியா?' என்று கேட்கிறார்கள். தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் 'டம்மி டக்' ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? 'அழகுக்காக வயிற்றைக் கிழிப்பார்களா?' என்று வீட்டில் சொல்கிறார்கள். மூன்றாவது குழந்தை பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

பதில்: 22 கிலோ குறைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேலும் பயிற்சி செய்தால் வயிறு உள்ளே போய்விடும் என்று நினைத்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் மாதக்கணக்கில் விரிந்த தோலில், மீண்டும் சுருங்க உதவும் நார்கள் அறுந்துபோகின்றன. வயிற்றில் தெரியும் கோடுகள் அதன் அடையாளம்தான். அறுந்த நார்களை எந்தப் பயிற்சியும் எந்த க்ரீமும் ஒட்டவைக்காது.

ஆனால் வயிறு முன்னால் தள்ளி நிற்பதற்குத் தோல் மட்டுமே காரணம் இல்லை. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகள் கர்ப்பத்தில் விலகி, சிலருக்கு அப்படியே நின்றுவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவில் மேடு போல எழும்பினாலோ, தசை விலகியிருக்க வாய்ப்பு அதிகம். பிசியோதெரபி வயிற்றுக்குப் பலம் தரும், அதை முதலில் செய்துபாருங்கள். ஆனால் 3 வருடம் கழித்தும் இருக்கும் பெரிய இடைவெளி பயிற்சியால் முழுவதும் மூடுவது கடினம். தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்பதையும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம், குடலைச் சுற்றி உள்ளே சேரும் கொழுப்பு. கையில் பிடித்தால் தோல் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் வயிறு கெட்டியாகத் தள்ளி நிற்கிறது என்றால் அதுதான். அதை இந்த அறுவை சிகிச்சை தொடவே தொடாது. பணம் செலவழித்து, வலியும் பட்டு, வயிறு அப்படியே இருக்கிறதே என்று அழுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். உங்களுக்குத் தொங்குகிறது, மடிப்பில் புண் வருகிறது என்பதால் தோல்தான் முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது.

அறுவை சிகிச்சையில், அடிவயிற்றில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறல் போடுவார்கள். தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் விலா எலும்பு வரை பிரித்து, விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைப்பார்கள். பிறகு மிச்சத் தோலை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புதிய துளை அமைப்பார்கள். பெரும்பாலும் சிசேரியன் தழும்பும் வெட்டும் தோலோடு போய்விடும், தொப்புளுக்குக் கீழே உள்ள கோடுகளும் போய்விடும். மேலே இருப்பவை போகாது, சற்றுக் கீழே இறங்கிவரும். நீளமான புதிய தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். உள்ளாடைக்குள் மறையும், ஒரு வருடத்துக்கு மேல் போனால் மங்கும், ஆனால் அழியாது.

வீட்டாரின் கேள்விக்கு வருகிறேன். புண் வரும் மடிப்பும் விலகிய தசையும் அழகுப் பிரச்சினை அல்ல. அழகுக்காகவே என்றாலும், அது உங்கள் உடம்பு; அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் இது பெரிய அறுவை சிகிச்சை என்பதை அவர்களும் நீங்களும் சேர்ந்தே புரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு அடியில் நீர் கோப்பது அடிக்கடி நடப்பது, ஊசியால் எடுத்துவிடலாம். அடிவயிறு மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும், சிலருக்கு ஓரளவு அப்படியே இருந்துவிடும். நான் அஞ்சுவது காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதைத்தான். அதனால்தான் வலித்தாலும் முதல் நாளிலிருந்தே நடக்கச் சொல்கிறோம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சில மாத்திரைகள் இந்த ஆபத்தைக் கூட்டும். புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் ரத்தம் போதாமல் தோல் கருகிவிடலாம்.

இப்போது செய்யலாமா? என் கருத்து, வேண்டாம். மூன்றாவது குழந்தை பற்றி முடிவெடுக்கும் வரை பொறுங்கள். பிறகு கருத்தரித்தால் குழந்தைக்கு ஆபத்து என்பதற்காக அல்ல. தைத்த தசையும் தோலும் மறுபடி விரியும், பட்ட கஷ்டம் வீணாகும். மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று முடிவாகிவிட்டால், எடை குறைந்தது 6 மாதமாவது கூடாமல் குறையாமல் நிற்கட்டும். வேகமாக எடை குறைத்தவர்களுக்கு இரும்புச்சத்தும் புரதமும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் கத்தி வைத்தால் காயம் சரியாக ஆறாமல் போகலாம்.

செய்துகொள்ளும் நாளில் வீட்டில் ஒருவர் உடன் இருக்க ஏற்பாடு வேண்டும். முதல் சில நாட்கள் குனிந்துதான் நடக்க முடியும், சுமார் 6 வாரம் இடுப்பில் இறுக்கமான பெல்ட் போட வேண்டும். அந்த 6 வாரமும் சின்னவனைத் தூக்கக் கூடாது. 3 வயதுக் குழந்தைக்கு இதை முன்கூட்டியே சொல்லிப் பழக்கிவிடுங்கள், மடியில் ஏற அவனே வருவான்.

அதுவரை மடிப்பைக் குளித்ததும் ஒற்றித் துடைத்து, ஈரமில்லாமல் மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புண் ஈரத்தாலும் உராய்வாலும் வருவது, பல நேரம் அதில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்; பூஞ்சைக்குத் தனி க்ரீம் உண்டு. திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.